தோளில் பூசும் மருந்து

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் சொன்னதால்தான் இந்த நோட்டு. இல்லாவிட்டால் டைரி எழுதுகிற ஆள் இல்லை நான்.

ஈரோட்டு ஹார்மோன் டாக்டர் ஜமால் முன்னால் இன்று மூன்றாவது தடவையாக உட்கார்ந்தேன். இரண்டு முறை காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்திருந்தேன். டெஸ்டோஸ்டிரோன் முதல் முறை 212, இரண்டாம் முறை 198. என் வயது ஆணுக்கு முந்நூறாவது வேண்டுமாம். எனக்கு நாற்பத்தேழு. எதற்கு இரண்டு முறை என்று கேட்டேன். காலையில் ஏறும், சாயங்காலம் இறங்கும், சரியாகத் தூங்காவிட்டால் குறையும், ஒரே ஒரு எண்ணை வைத்து மருந்து எழுத மாட்டேன் என்றார். அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. கோபி மண் பரிசோதனை நிலையத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாளன் நான். வயலின் ஒரே மூலையில் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து முழு வயலுக்கும் உரச் சீட்டுக் கேட்பவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பவன்.

மூளைக்கு அடியில் பயறு அளவு ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதுதான் கீழே ஆணை அனுப்புமாம். என்னுடையது ஆணை அனுப்புவதில் சோம்பல் காட்டுகிறதாம். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. தினமும் நடக்க வேண்டும், தொப்பை குறைய வேண்டும், ஏழு மணி நேரம் தூங்க வேண்டும். கூடவே ஒரு களிம்பு.

நோட்டில் எழுத வேண்டியவை: தூக்கம், சோர்வு, மனநிலை, அப்புறம் அந்த விஷயம். டாக்டர் அதன் பெயரைச் சொல்லித்தான் கேட்டார். நான் 'அந்த விஷயம்' என்றே எழுதிக்கொள்கிறேன்.

மனைவி வசந்தாமணியிடம் ஈரோட்டில் ஆபீஸ் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

ஜூன் 4, புதன்

குளித்துவிட்டு முதல் பாக்கெட்டைப் பிரித்தேன். தண்ணீர் போலத் தெளிவான களிம்பு, ஸ்பிரிட் வாடை. டாக்டர் சொன்னபடி இரண்டு தோளிலும் புஜத்திலும் பூசி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். காய்ந்ததும் சட்டை போட்டு மூடச் சொல்லியிருக்கிறார். பூசிய இடம் பெண்கள் மேலும் குழந்தைகள் மேலும் படவே கூடாதாம். மகள் கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

ஆபீஸுக்கு வெள்ளைச் சட்டைதான் போடுவேன். கறை பிடித்தால் யார் துவைப்பது? அதனால் துண்டைப் போர்த்திக்கொண்டு காபி குடித்தேன். அரைமணி கழித்துத் துண்டைக் கதவில் போட்டுவிட்டுச் சட்டைக்கு மாறினேன். வெளியே குப்பை வண்டியின் பாட்டுக் கேட்டதும் வசந்தாமணி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாளியோடு ஓடினாள்.

என்ன வாசம் என்று கேட்டாள். தோள்வலிக்கு ஆயின்ட்மென்ட் என்றேன். தேய்த்துவிடட்டுமா என்று கையை நீட்டினாள். வேண்டாம், உன் கையில் ஒட்டும் என்று தடுத்துவிட்டேன். இவ்வளவு கவனமான நோயாளி டாக்டர் ஜமாலுக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பஸ் ஸ்டாண்ட் சுவரில் மாதாமாதம் நோட்டீஸ் ஒட்டுவார்கள், ஆண்மைக் குறைவுக்கு லாட்ஜில் முகாம் என்று. அதைப் படித்து அவளும் நானும் இருபது வருடமாகச் சேர்ந்து சிரித்திருக்கிறோம். இப்போது போய் அந்த நோட்டீஸ் என்னைப் பற்றியதுதான் என்று எப்படிச் சொல்வது? பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 9, திங்கள்

ஒன்றுமில்லை. பூசணிக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது.

ஜூன் 19, வியாழன்

ஒன்றுமில்லை என்று எழுத வந்தேன். ஆனால் மதியம் சாப்பிட்ட பிறகு நாற்காலியில் தூங்கவில்லை. இதைக் கணக்கில் எடுக்கலாமா?

ஜூலை 6, ஞாயிறு

எடுக்கலாம். மூன்று மாதமாகச் சுற்றாமல் கிடந்த சமையலறை ஃபேனை இன்று நானே கழற்றி மாட்டினேன். காலையில் ஐந்தரைக்கு எழுந்து வாய்க்கால் கரையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன். எதைப் பார்த்தாலும் சலிப்பு என்று இருந்தது போய், எதைப் பார்த்தாலும் ஏன் எப்படி என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு ஸ்பூன் களிம்பில் இத்தனையா?

அந்த விஷயம்: முன்னேற்றம். விவரம் எழுத மாட்டேன். படுக்கப் போகும்முன் தோளைச் சோப்புப் போட்டுக் கழுவி, கை வைத்த பனியன் போட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்கூடத்துப் பழக்கம், அது நம் ரத்தத்தில் ஊறியது.

ஜூலை 14, திங்கள்

486. டாக்டர் போனிலேயே சபாஷ் என்றார். அதே அளவைத் தொடரச் சொன்னார்.

ரேசர் சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு பிளேடு பத்து நாள் வரும், இப்போது நாலு நாள்கூட வருவதில்லை. தாடி கெட்டிப்பட்டிருக்கிறது போல. டாக்டரிடம் சொல்ல வேண்டிய நல்ல குறிப்பு.

ஜூலை 27, ஞாயிறு

இன்று வசந்தாமணியைப் பற்றி. அவள் ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிறாள். சிலிண்டர் பதிவு, புகார் எல்லாம் அவள்தான். பதினோரு வருடமாக முதலாளி முன்னால் குரல் உயர்த்தாதவள், டெலிவரி ஆட்கள் ஐந்து மணிக்குப் போகும்போது நாங்கள் மட்டும் ஏன் ஏழு வரை உட்கார வேண்டும் என்று போன வாரம் கேட்டுவிட்டாளாம். இனி ஆறு மணிக்குப் போகலாம் என்று ஆகிவிட்டது. எப்படி இவ்வளவு தைரியம் என்றேன். தெரியவில்லை, சுர்ரென்று வந்தது, கேட்டுவிட்டேன் என்றாள்.

வீட்டிலும் அவளிடம் ஒரு உற்சாகம் தெரிகிறது. அந்த விஷயத்திலும்தான். வீட்டுக்காரன் நன்றாக இருந்தால் வீடே நன்றாக இருக்கும் போலிருக்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

இரண்டு சின்ன விஷயங்கள் மட்டும் புரியவில்லை. நாற்பத்திரண்டு வயதில் அவள் முகத்தில் பரு. சூடு என்கிறாள். ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது, எங்கே சூடு? இன்னொன்று, என் ஷேவிங் கண்ணாடியைக் காணவில்லை என்று தேடினால் அது பாத்ரூம் ஜன்னலில் இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கொடிவேரிக்குப் போனோம். கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. வறுத்த மீன் வாங்கிச் சாப்பிட்டோம். நான் மட்டும் அருவியில் குளித்தேன். அவள் முந்தானையை மோவாய் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றாள். அந்தக் காற்றிலும் கையை எடுக்கவில்லை.

அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மூன்று வாரமாக இப்படித்தான். மிளகுப் பால், சுக்குக் கஷாயம் எதற்கும் மசியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், இரண்டு மாதமாக வீட்டுக்குத் தூரமாகவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். வயசாச்சு போல என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். டாக்டரிடம் போகலாம் என்றேன். பார்க்கலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒருவழியாக இங்கே மகப்பேறு மருத்துவர் பூங்குழலியிடம் அவளே போய்விட்டு வந்திருக்கிறாள். ஏழெட்டு டெஸ்ட் எழுதியிருக்கிறாராம். எதற்கு என்று கேட்டேன். ஹார்மோன் என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயில் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. ஏன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ரிப்போர்ட்டுக்கு நானும் கூடப் போனேன். வசந்தாமணியின் டெஸ்டோஸ்டிரோன் 206. பெண்களுக்கு எழுபதைத் தாண்டக் கூடாதாம்.

206! ஜூனில் என் முதல் எண் 212. எனக்குப் பற்றாக்குறை என்று மருந்து கொடுத்த அதே அளவு அவளுக்கு அளவுக்கு மீறியது. ஒரே சத்து நெல்லுக்குக் குறைவாகவும் நிலக்கடலைக்கு அதிகமாகவும் இருக்குமே, அதுபோல. மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் இந்த அதிசயத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு வேகமாக ஏறினால் சினைப்பையிலோ சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியிலோ கட்டி இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பிறகு நிறையக் கேள்விகள். நாட்டு மருந்து ஏதாவது? சத்துப் பவுடர்? வீட்டில் வேறு யாராவது ஹார்மோன் மாத்திரையோ களிம்போ பயன்படுத்துகிறீர்களா? வசந்தாமணி இல்லை என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் மேல் என் தோள் படவே இல்லை. அதனால் அந்தக் கேள்விக்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

ஸ்கேனில் இடது சினைப்பையில் ஒரு நீர்க்கட்டி, நெல்லிக்காய் அளவு. வேறு எங்கும் எதுவும் இல்லை. சாதாரணமாக இதை விட்டுவிடலாம், அந்த எண்ணோடு சேர்த்துப் பார்த்தால் விட முடியாது என்று டாக்டர் சொன்னார். கோவையில் ஆபரேஷன். பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை. முதல் நாளே போய்ச் சேர வேண்டும். உள்ளே பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இரண்டு சினைப்பையையும் எடுத்துவிடுவார்களாம்.

வசந்தாமணி வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஊறப்போட்டாள்.

செப்டம்பர் 8, திங்கள்

காசிபாளையத்திலிருந்து ஒரு பெரியவர் மண் கொண்டுவந்தார். சாம்பல் சத்து எக்கச்சக்கம். கருவி பழுதோ என்று மறுபடி பார்த்தேன், அதே எண். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு மண்ணைப் பார்த்ததில்லை. அவரைக் கூப்பிட்டு எப்படி எடுத்தீர்கள், எங்கே தோண்டினீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். எதில் கொண்டுவந்தீர்கள் என்றேன். சுத்தமாக உதறிய சாக்கில்தான் என்று எடுத்துக் காட்டினார். பொட்டாஷ் உரம், அதாவது அதே சாம்பல் சத்து, வந்த சாக்கு.

"ஏனுங்க, உதறுனா போயிடாதுங்களா?" என்று கேட்டார்.

போகாது, கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும் போதும், உங்கள் மண்ணில் ஒரு கோளாறும் இல்லை, சாக்குதான் ஏமாற்றுகிறது என்று பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் நின்றுவிட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துண்டு.

காலையில் ஈரக் களிம்பின் மேல் போர்த்தும் துண்டு. கதவில் போடுகிறேன். பத்து நிமிடத்தில் குப்பை வண்டி வருகிறது, அப்புறம் கீரைக்காரம்மா, அப்புறம் பால் பூத். நைட்டிமேல் அவள் எடுத்துப் போட்டுக்கொள்வது அந்தத் துண்டைத்தான். கழுத்தைச் சுற்றி, மார்பை மறைத்து. வேர்த்தால் அதிலேயே முகத்தையும் துடைத்துக்கொள்கிறாள். மூன்று மாதமாக ஒரு நாள் தவறாமல்.

நம் ஊரில் எந்தப் பெண் துண்டு போடாமல் நைட்டியோடு வாசலைத் தாண்டுகிறாள்? தினமும் கண்ணெதிரில் நடந்தது. உற்றுப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் எனக்குத் தெரியவில்லை.

பெரியவருக்குப் புதுத் துணிப்பை கொடுத்து, வேறு மண் எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்ததும் துண்டை எரித்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

களிம்பு பூசவில்லை. சொல்லலாம் என்று இரண்டு முறை சமையலறைக்குப் போனேன். அவள் அண்ணன் வந்துவிட்டார்.

செப்டம்பர் 10, புதன்

அவள் அண்ணன் காலையிலேயே போய்விட்டார்.

மதியம் ஆபீஸிலிருந்து டாக்டர் ஜமாலுக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. களிம்பை நிறுத்தியாயிற்று, மூன்று வாரத்தில் மனைவிக்குத் தானாகக் குறைந்துவிடும், ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள் என்றார். வேறு ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டால் போதுமா என்று கேட்டேன். உங்கள் மனைவிக்குத் தெரியாதா என்றார்.

மாலை வசந்தாமணியிடம், இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாமே, ஒரு எண்ணை நம்பக் கூடாது என்றேன். இரண்டு தடவை எடுத்தாகிவிட்டது என்றாள். எனக்குத் தெரியாமல் போன வாரம் அவளே போய் இரண்டாவது முறையும் கொடுத்திருக்கிறாள். 211.

செப்டம்பர் 11, வியாழன்

ஆபீஸுக்கு லீவு. அவள் கோவைக்குப் பை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக் காலை ஏழு மணிக்குக் கார். ஒரு நைட்டியை மடித்துவிட்டு, இங்கே வாங்க என்று கூப்பிட்டாள். ஜன்னல் பக்கம் போய் நின்று மோவாயைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருங்க."

கறுப்பாக, தடிப்பாக, பதினைந்து இருபது முடிகள். வெட்டிய இடத்தில் மறுபடி முளைத்தவை.

"உங்க ரேசர்லதானுங்க எடுத்துட்டு இருந்தேன். ரெண்டு மாசமா. பொம்பளையா இருந்தவ வேற என்னமோ ஆயிட்டிருக்கேன்னு பயமா இருந்துச்சு. சொன்னா நீங்க அருவருப்பாப் பாப்பீங்கன்னு சொல்லலீங்க. நாளன்னைக்கு உள்ள என்னென்ன எடுப்பாங்களோ. அதுக்கு முன்னால நீங்க பாத்துக்கோணும்னு தோணுச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஒன்றும் ஆகாதுங்க என்று என்னைத் தேற்ற ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஈரோடு, 212, பாக்கெட், துண்டு, சாக்கு, எல்லாம். வண்டி டிக்கியில் ஒளித்து வைத்திருந்த மீதிப் பாக்கெட்டுகளையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தேன்.

அவள் ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். ஜூன் நாலு என்றேன். விரலால் மாதங்களை எண்ணினாள். உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்பதையா மறைத்தீர்கள் என்றாள். சுவர் நோட்டீஸ் கதையை அந்த நேரத்தில் சொல்ல வாய் வரவில்லை. பிறகுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"டாக்டரம்மா கேட்டப்ப பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"தலையாட்டுனீங்க."

"ஆமா, வசந்தா."

பையில் அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மறுபடி பீரோவில் வைத்தாள். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

டாக்டர் பூங்குழலி ஆபரேஷனை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்து ரத்தம் பார்க்கலாம், நீர்க்கட்டி தானாகவே கரையும் வகை, கவலை வேண்டாம் என்றார். நல்ல உறுப்பை எடுத்துவிட்டிருப்போமே சார் என்று என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வசந்தாமணியும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 20, சனி

சாப்பிட வாங்க. மோட்டார் போடுங்க. சாவி எங்கே? ஒன்பது நாளாக இவ்வளவுதான்.

பழைய சோர்வு வந்துவிட்டது. மதியம் நாற்காலியில் தூங்கினேன். டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

வசந்தாமணி: 34.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்றுவிட்டேன். இவ்வளவு சந்தோஷப்பட்டு வெகுநாள் ஆகிறது. பரு அடங்கிவிட்டது, தூரமும் ஆகிவிட்டது. முடி மெதுவாக மெலியும், ஓரிரண்டு நிற்கலாம் என்றார் டாக்டர்.

குரல்? அவள்தான் கேட்டாள். தொண்டையில் உள்ள தசை ஒருமுறை தடித்துவிட்டால் பழையபடி ஆகாது, கொஞ்சம் இளகலாம், முழுக்கத் திரும்பாது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அவள் தலையசைத்துவிட்டு எழுந்தாள். ஆட்டோவில் வரும்போது நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். மழை வரும் போலிருக்கிறது, துணி எடுக்கணும் என்றாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஈரோடு போனேன். இந்த முறை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். சரி என்றாள். களிம்பு இனி வேண்டாம், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, யார் மேலும் ஒட்டாது என்று டாக்டர் ஜமால் எழுதிக் கொடுத்தார். முதல் ஊசியும் போட்டாயிற்று. வெளியே வந்ததும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. செல்லுக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப். ஏஜென்சி நம்பருக்கு அடித்தேன். வருடக்கணக்கில் அந்த நம்பருக்கு நான் பேசியதில்லை.

மணி இரண்டு தடவை அடித்ததும் ஓர் ஆண் குரல் வணக்கம் சொன்னது. முதலாளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"சார், வசந்தாமணி இருக்காங்களா?"

பின்னால் சிலிண்டர் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நாந்தானுங்க."

பஸ் ஸ்டாண்டின் நடுவில் நின்றேன். ஒரே வீட்டில் ஒரே கூரையின் கீழ் அந்தக் குரலை மூன்று மாதமாகத் தொண்டைக்கட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான். போன் வழியாகத்தான் அது எவ்வளவு மாறிப்போயிருக்கிறது என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"எல்லாருந்தானுங்க சார்னு கூப்புடறாங்க" என்றாள். "ஒரு நாளைக்கு இருபது முப்பது பேரு. நீங்க எதுக்குக் கூப்புட்டீங்க?"

ஊசியைப் பற்றிச் சொல்ல நினைத்தது மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். "சிலிண்டர் பதியணும்."

"நேத்துத்தானுங்க வந்துச்சு."

"தெரியும்."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதில் அழுத்திக் கேட்டேன். வைக்கவில்லை.

"அப்பப் பேசுங்க" என்றாள், அந்தக் கட்டைக் குரலில்.